‘சேமிக்கவா?’ என்று கேட்காத கோப்பு

இணையத்தில் ஏற்றிவிட்ட எழுத்து, கோயில் மதிலில் வெட்டிய கல்வெட்டு மாதிரி என்று நான் நம்பினேன். வெட்டியவனே நினைத்தாலும் அழிக்க முடியாது. மழையில் நனையாது, எலி கடிக்காது, கரண்ட் போனாலும் கவலையில்லை. இதை நம்பிக்கொண்டு சும்மா இருந்திருந்தாலாவது பரவாயில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பிரசங்கம் செய்தேன். மனு அடிக்க வந்தவர், திருத்தம் சொல்ல வந்தவர், வழி கேட்க வந்தவர், ஒருவரையும் விடவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டினால்தான் அவர்கள் வேலையை நான் சீக்கிரம் முடிப்பேன் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்து ‘அனுப்புநர், பெறுநர், பொருள்’ என்று தொடங்கியிருக்கிறீர்கள். நான் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சந்துமுனைக் கடையில் இருபத்தாறு வருஷம் அதையே அடித்துக்கொண்டிருந்தேன். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதால் ஐம்பத்தைந்து வயதிலேயே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எந்த எழுத்துரு, எந்த மென்பொருள் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்குத் தெரியாததும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததும் ஒன்றுதான்: பயந்துபோன ஒரு தட்டச்சுக்காரனால் ஒரே காலைப் பொழுதில் எத்தனை முட்டாள்தனம் செய்ய முடியும் என்பது.

இணையத்தை நம்புவதற்கு முன் நான் எதிர்க்கட்சியில் இருந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எல்லாம் கடைக் கம்ப்யூட்டரில்தான். திரை முழுக்கக் கோப்புகள், பின்னால் இருக்கும் படம்கூடத் தெரியாது. ஒரு ஐப்பசி மழையின்போது பெட்டிக்குள்ளிருந்து பல்லி கத்துவது போல ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தது. பல்லிதான் என்று நினைத்து நாற்காலியைத் தட்டி விரட்டினேன். இரண்டு நாள் விரட்டினேன். மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. பழுது பார்ப்பவர் வந்து ஹார்டு டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்கு வெளியே வந்து நிற்கும் டாக்டரைப் போலத் தலையை ஆட்டினார். எட்டு வருஷ வேலை போயிற்று. அன்றைக்கே கட்சி மாறினேன். மாறியவனுக்கு இருக்கும் வெறி, பிறந்தது முதல் கட்சியில் இருப்பவனுக்கு இருக்காது அல்லவா.

பக்கத்துக் கடை ஜெராக்ஸ் பாய் மட்டும் மசியவில்லை. இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தில் ஐந்து பென் டிரைவ் வைத்திருப்பார். நடந்தால் ஜல் ஜல் என்று சத்தம் கேட்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்த பொருள் தன்னுடையது இல்லை என்பது அவர் கொள்கை. நான் அவரைச் சலங்கை கட்டிய பாய் என்று கேலி செய்வேன். அவர் என்னை ஆகாசத்துல கோட்டை கட்டினவரே என்று கூப்பிடுவார்.

இனி நம் தொழில் வழக்கம் ஒன்று. நீங்களும் செய்வீர்கள், மறைக்க வேண்டாம். ஒருவர் மனு கேட்டு வந்தால் நாம் வெள்ளைத் தாளில் தொடங்குவதில்லை. முந்தைய ஆளின் மனுவைத் திறப்போம். பெயரை மாற்று, தகப்பனார் பெயரை மாற்று, தெருவை மாற்று, கோரிக்கையை மாற்று, அச்சிடு, மூடு. மூடும்போது ‘சேமிக்கவா?’ என்று அது கேட்கும். ‘வேண்டாம்’ என்று ஒரு தட்டு. பழைய மனு அப்படியே இருக்கும். அடுத்தவருக்கு மறுபடியும் அதே சட்டை. இருபத்தாறு வருஷத்தில் அந்த ‘வேண்டாம்’ பொத்தானை எத்தனை தடவை அமுக்கியிருப்பேன் என்று கணக்கில்லை. கேள்வி வருவதற்கு முன்பே விரல் அங்கே போய்விடும். இணையத்தில் வைத்த கோப்பு அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் அந்த நிமிடமே சேர்ந்துவிடுகிறது. கேள்வி வரவில்லையே என்று நானும் யோசிக்கவில்லை. தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் எஸ்தர் வந்தார்.

வாலாஜாபாத்தைத் தாண்டி தென்னேரியில் அவர்கள் முப்பத்தெட்டு வீடு. தாத்தா காலத்தில் மற்றவர் நிலத்தில் கூலிக்கு நின்றவர்கள். பாட்டை ஓரத்து அரசாங்க நிலத்தில் குடிசை போட்டு, அது ஓட்டு வீடாகி, இப்போது சில வீடுகள் மாடி ஏறிவிட்டன. பிள்ளைகள் கம்பெனி வேலை, நர்ஸ் வேலை, வண்டி ஓட்டும் வேலை என்று போகிறார்கள். வீட்டுக்குக் கரண்ட் இருக்கிறது, ரேஷன் அட்டை இருக்கிறது, மனைப்பட்டா மட்டும் இல்லை. பட்டா இல்லாத வீட்டை என்றைக்கு வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம். பல தடவை மனு கொடுத்த பிறகு ஒரு அதிகாரி காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு குடும்பமும் எப்போதிலிருந்து அங்கே இருக்கிறது என்பதை அவரவர் வாயால் சொன்னபடி எழுதி, எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் குறிப்பிட்ட ஒரு திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கொண்டுவரச் சொன்னார். அந்த வாரக் கடைசியில் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல்.

எஸ்தர் ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறவர். முப்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். இரண்டு மாதமாகத் தன் விடுமுறை நாளிலெல்லாம் இரண்டு பேர், மூன்று பேராக அழைத்துவருவார். அவர்கள் சொல்லச் சொல்ல நான் நேராக அடித்துவிடுவேன். காகிதத்தில் குறிப்பே கிடையாது. எதற்குக் காகிதம், மேலே இணையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறதே.

உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு மாதம் நான் ரொம்பக் குஷியாக இருந்தேன். ‘மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன்’ என்று அடித்து அடித்து மரத்துப்போன விரல் என்னுடையது. ஒரு அம்மா தன் வீட்டு வயதைத் தெருவில் போர்வெல் போட்ட நாளை வைத்துச் சொன்னார். ஒருவர் தான் வளர்த்த எருமைகளின் ஈற்றை வைத்து எண்ணினார். ஒவ்வொருவரும் போன பிறகு பாயைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டுவேன். எல்லாம் ஒரே கோப்பில், ஒன்றன்பின் ஒன்றாக. மொத்தமும் முடிந்ததும் ஒரே மூச்சில் அச்சிட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

முப்பத்தெட்டாவதாக வந்தவர் ஏசுதாஸ் தாத்தா. எண்பதைத் தாண்டியவர். அந்த இடத்தில் முதல் குடிசை போட்டவர் அவர்தான். மற்ற வாக்குமூலங்களில் பாதி, ‘ஏசுதாஸ் வந்த ரெண்டாம் வருஷம் நாங்க வந்தோம்’ என்றுதான் தொடங்கும். ஆக, அவர் சொல்வதுதான் அடிக்கல். ஒரு திங்கட்கிழமை ஷேர் ஆட்டோவில் எஸ்தருடன் வந்து ஒரு மணி நேரம் பேசினார். நடுவில் நான் ஒரு வரியை அழகுபடுத்தி அடித்துப் படித்துக் காட்டினேன். அவர் கையை நீட்டித் திரையைத் தட்டினார்.

“நா சொன்னத போடுபா. நீ நெனச்சத போடாத.”

அழித்துவிட்டு அவர் சொன்னதையே போட்டேன். இன்னொரு தடவை வர அவரால் முடியாது என்பதால் அவருடைய கடைசிப் பக்கத்தை மட்டும் அப்போதே அச்சிட்டுக் கைநாட்டு வாங்கிக்கொண்டேன். அந்தப் பக்கத்தில் நான்கு வரிதான் இருந்தது. விஷயமெல்லாம் முந்தைய இரண்டு பக்கத்தில்.

வியாழக்கிழமை விடியற்காலை அவர் இறந்துபோனார். வெள்ளிக்கிழமை தென்னேரி போய்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குள் ஒரு திருப்தி, வெட்கமில்லாமல் சொல்கிறேன்: மனுஷன் போனாலும் அவர் வார்த்தை பத்திரமாக மேலே இருக்கிறது.

மறுநாள் சனிக்கிழமை, கருட சேவை. எங்கள் பேட்டையில் அன்றைக்குத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. எஸ்தர் பத்து மணிக்கு வந்து முழுக்கட்டையும் வாங்கிப் போவதாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை எல்லோரிடமும் கையெழுத்து, திங்கட்கிழமை பதினோரு மணி. அச்சு எடுக்கலாம் என்று நான் எட்டு மணிக்கே லேப்டாப்பில் கோப்பைத் திறந்தேன்.

‘ஐயா, என் கைத்தறி நெசவாளர் அடையாள அட்டையில் தகப்பனார் பெயர் தவறாக உள்ளதால்...’

வேறு எதையோ திறந்துவிட்டேன் என்று மூடித் திறந்தேன். மேலே ‘தென்னேரி’ என்று பெயர் சரியாக இருக்கிறது. உள்ளே பிள்ளையார்பாளையம் ஏகாம்பரத்தின் அடையாள அட்டை. ஒரே ஒரு பக்கம். எழுபத்துநான்கு பக்கம் இருந்த இடத்தில் ஒரு பக்கம்.

நடந்தது உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை நெசவாளர் ஒருவர் அவசர மனு கேட்டு வந்தார். அவர் மனுவும் அதே ஆபீசுக்குத்தான்; பெறுநர் முகவரி தென்னேரிக் கோப்பில்தான் புதிதாக, சரியாக இருந்தது. அதைத் திறந்தேன். முகவரிக்குக் கீழே இருந்த அத்தனையையும் ஒரே இழுப்பில் அழித்தேன். புது மனுவை அடித்தேன், அச்சிட்டேன், மூடினேன். ‘சேமிக்கவா?’ என்று கேள்வி வரவில்லை. என் விரல் மட்டும் பழக்கத்தில் காற்றில் ‘வேண்டாம்’ அமுக்கியிருக்கும். திருவிழா வாரக் கூட்டத்தில் வெள்ளி வரை அதே சட்டையில் இன்னும் எட்டுப் பேர். ஏகாம்பரம் கடைசி ஆள். முகவரி மட்டும் வேண்டிய எனக்கு முகவரிக்குக் கீழே தென்னேரி இல்லாதது கண்ணில் படவே இல்லை.

இப்போது என் வீரச் செயல்களைக் கேளுங்கள்.

முதலில், செய்ததைத் திருப்பும் பொத்தானைப் பிடித்து அமுக்கினேன். அப்போதுதான் திறந்த கோப்பில் திருப்புவதற்கு என்ன இருக்கும்? ஆனாலும் நாற்பது, ஐம்பது தடவை அமுக்கினேன். லிப்ட் வராதபோது பொத்தானைக் குத்துகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற ஆள் நான். அடுத்து, தப்பு மேலே போய்ச் சேர்ந்துவிடக்கூடாது என்று வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கினேன். அந்தத் தப்பு நான்கு நாளுக்கு முன்பே போய்ச் சேர்ந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்துவிட்டது. மூன்றாவதாக, குப்பைத் தொட்டியில் விழுந்திருக்குமோ என்று கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியைப் பார்த்தேன். அங்கே இல்லை என்றதும், சத்தியமாகச் சொல்கிறேன், மேசைக்கு அடியில் இருந்த நிஜக் குப்பைக் கூடையையும் கவிழ்த்துப் பார்த்தேன். அதில் இரண்டு டீக் கப்பும் ஏகாம்பரத்தின் தப்பான பிரதி ஒன்றும் இருந்தன.

வயரை மறுபடி சொருகும்போது கரண்ட் போயிற்று. பெருமாளோடு வரும் பெரிய குடைகள் கம்பியில் இடிக்கக்கூடாது என்று தெருத் தெருவாக மின்சாரத்தை நிறுத்துவார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். செல்போனில் இணையத்தை எடுக்கலாம் என்றால், வந்திருந்த அத்தனை ஜனமும் கருடன்மேல் வந்த பெருமாளைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தது. வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

பாய் தன் கடை வாசலில் கூட்டத்துக்குத் தண்ணீர்ப் பானை வைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

“இன்னா குமரேசா, மூஞ்சி சுண்டிப் போய்க்கிது?”

சொன்னேன். அவர் கேலி செய்வார் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. சாவிக்கொத்தை எடுத்து ஒவ்வொரு பென் டிரைவாகத் தன் கம்ப்யூட்டரில் பார்க்கலாம் என்றார். கரண்ட் இல்லை என்பது ஞாபகம் வந்து என் லேப்டாப்பிலேயே சொருகினார். பச்சை நிற டிரைவில் ‘தென்னேரி’ என்று ஒரு கோப்பு இருந்தது. ஒரு மாதத்துக்கு முன் என் பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டபோது, அதுவரை அடித்ததைப் பாயின் கடையில் அச்சிட்டுத் திருத்தம் பார்த்திருக்கிறோம். அந்தத் தாளைத் திருத்தியதும் கிழித்துப் போட்டவன் நான். கோப்பை அழிக்காமல் வைத்திருந்தவர் அவர்.

நான் பாயைக் கட்டிக்கொண்டேன். தண்ணீர் குடிக்க வந்தவர்கள் எங்களுக்கு ஏதோ தரிசனம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக் கைகூப்பினார்கள். பிறகு எண்ணினோம். இருபத்திரண்டு வாக்குமூலம். மற்ற பதினைந்து பேரை ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்காரவைத்து மறுபடி கேட்டு அடித்துவிடலாம், கழுத்து போனாலும் போகட்டும். பதினாறாவது ஆளை எங்கே உட்காரவைப்பது?

பாய் தண்ணீர் ஊற்றப் போனார். நான் தனியாக இருந்தேன். மணி ஒன்பதே கால். தம்பிகளே, தங்கைகளே, நம் தொழிலில் ஆபத்தான நேரம் கோப்பு போகிற நேரம் அல்ல. அதற்குப் பிறகு யாரும் பார்க்காமல் நாம் தனியாக இருக்கும் அந்தக் கால் மணி நேரம்தான். மேசை இழுப்பறையில் ஏசுதாஸ் தாத்தாவின் கைநாட்டு வைத்த கடைசிப் பக்கம் இருக்கிறது. அவர் பேசியது எனக்கு முக்கால்வாசி ஞாபகம் இருக்கிறது. முன்னால் இரண்டு பக்கம் அடித்துச் சேர்த்தால் யாருக்குத் தெரியும்? அவருக்கும் நல்லதுதானே, முப்பத்தெட்டு வீட்டுக்கும் நல்லதுதானே என்று மனசு வக்கீல் வைத்து வாதாடியது. புதுக் கோப்பு ஒன்றைத் திறந்து அடிக்க ஆரம்பித்தேன். இந்தத் தடவை கம்ப்யூட்டரிலேயே சேமித்தேன். அந்த மட்டும் புத்தி வந்திருந்தது.

‘ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்த வருஷம் குடிசை போட்டேன். அதே மாதம் என் பெரிய மகள் பிறந்தாள்.’

அங்கே நின்றுவிட்டேன். பெரிய மகளா? இரண்டாவது பையன் என்றல்லவா சொன்னார்? இல்லை, பையன் பிறந்தது கூரை எரிந்தபோது. அதுவும் மகள்தானா? அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் வருஷத்தைக் கணக்கிடுவார்கள். எனக்குத் தெரியவில்லை. நீ நெனச்சத போடாத என்று திரையைத் தட்டிய விரல் என் கண்ணெதிரே வந்தது. கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அன்று காலை நான் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான்.

எஸ்தர் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். ஸ்கூட்டரைத் தடுப்புக்கு அப்பால் நிறுத்திவிட்டுக் கூட்டத்தில் நசுங்கி வந்ததில் துப்பட்டாவெல்லாம் துளசியும் பூவும் ஒட்டியிருந்தது. கட்டு தயாரா என்று கேட்டார். என்னென்னவோ முன்னுரை யோசித்து வைத்திருந்தேன். கரண்ட், திருவிழா, இணையம் என்று பழி போட நிறைய ஆள் இருந்தது. வாயைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

“நாந்தாம்மா அழிச்சிட்டேன். பாய்கிட்ட இருவத்திரண்டு இருக்குது. தாத்தாவோடது இல்ல.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அழுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டில் ஒன்று செய்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி ஏகாம்பரத்தின் மனுவை முதலிலிருந்து கடைசி வரை படித்தார், ஏதோ குறையுள்ள உதிரிபாகத்தைப் பார்ப்பதுபோல.

“இது எந்த ரிவிஷன்ணா?”

“இன்னாது?”

“எங்க கம்பெனில ஒரு படத்த மாத்துனா, பழைய படத்த தூக்கிப் போட மாட்டாங்க. ரிவிஷன் ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு வெச்சிருப்பாங்க. எவன் மாத்துனான், எந்த ஷிப்டுல மாத்துனான், எல்லாம் இருக்கும். இல்லனா தப்பு எங்க ஆச்சின்னு எப்டி கண்டுபுடிக்கறது? இவ்ளோ பெரிய கம்பெனிக்காரன் நெட்ல கடை விரிச்சிக்கிறான், அது கூடவா வெச்சிருக்க மாட்டான்?”

கோப்பு என்ற பட்டியலை இழுத்தால் கீழே எங்கோ ‘பதிப்பு வரலாறு’ என்று ஒரு வரி வரும். இரண்டு வருஷமாகத் தினமும் அதைத் தாண்டித்தான் அச்சுப் பொத்தானுக்குப் போயிருக்கிறேன். வரலாறு என்றதும் பரீட்சைப் பாடம் போல ஒதுக்கிவிட்டேன். இப்போது அதை அமுக்கினேன். வட்டம் சுற்றியது. அந்தப் பட்டியல் இணையத்தில்தான் இருக்கிறது. இணையம் இருந்தால்தான் வரும். செல்போனிலும் தேடிப் பார்த்தோம், அதில் அந்த வரியே இல்லை.

“ஊரத் தாண்டுனா டவர் கெடைக்கும். ஏறு வண்டில” என்றார் எஸ்தர். அவர் என்னை ஒருமையில் சொன்னது அந்த ஒரு தடவைதான். நானும் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

கிளம்பும்போது பாய் ஓடிவந்து சாவிக்கொத்திலிருந்து பச்சை டிரைவைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டார்.

“கெடச்சா இதுல ஒண்ணு ஏத்திக்கோ. மேல வெச்சிட்டு வந்தேன்னு மறுபடி எங்கிட்ட சொல்லாத.”

கூட்டத்துக்குள் லேப்டாப்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். ஏதோ காணிக்கை கொண்டுபோகிறேன் என்று நினைத்து ஜனம் வழிவிட்டது. ஒரு அம்மா அதன்மேல் ஒரு பிடி துளசியைக்கூடப் போட்டார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து லேப்டாப்பை மூடாமல் பிடித்துக்கொண்டேன். மூடினால் அந்தப் பக்கமும் போய்விடுமோ என்று பயம். வெயிலில் திரை கருப்பாகத் தெரிந்தது. முத்தியால்பேட்டையில் ஒரு கோடு டவர் வந்து போயிற்று. ‘நிறுத்து, நிறுத்து’ என்றேன்; நிறுத்தியதும் காணோம். அய்யம்பேட்டை தாண்டி ஒரு இளநீர்க் கடையின் நிழலில் மூன்று கோடு வந்தது. பேட்டரி பதினான்கு சதவீதம். இளநீர்க்காரர் எங்களைப் பார்த்து எத்தனை வேண்டும் என்று கேட்டார். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் இரண்டை வெட்டியே விட்டார்.

எஸ்தரின் செல்போனிலிருந்து இணையத்தை எடுத்து மறுபடி அந்த வரியை அமுக்கினேன். வலப்பக்கம் ஒரு பட்டியல் இறங்கியது. வெள்ளி, வியாழன், புதன் என்று நாள் நாளாக, மணி மணியாக. நான் அழித்த ஒவ்வொரு தடவையும் என் பெயரோடு வரிசையாக நின்றது. போலீஸ் ஸ்டேஷனில் பழைய வழக்குகளைப் படித்துக் காட்டுவது போல இருந்தது. கடைசியில் திங்கட்கிழமை, மாலை ஐந்து இருபது.

அதைத் தட்டினேன். பக்கங்கள் இறங்கத் தொடங்கின. பத்து, முப்பது, அறுபது. எழுபத்துநான்கு.

‘இந்தப் பதிப்பை மீட்டெடு’ என்று மேலே ஒரு பொத்தான் இருந்தது. சந்தோஷத்தில் என் விரல் பாய்ந்தது. எஸ்தர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“அத தொடாதீங்கண்ணா. மொதல்ல ஒரு நகல் கீழ எடுங்க. அப்புறம் இன்னா வேணா அமுக்குங்க.”

புதுப் பெயரில் ஒரு நகலை லேப்டாப்பில் இறக்கினேன். பச்சை டிரைவில் ஒன்று. எஸ்தரின் செல்போனுக்கு ஒன்று. அதன் பிறகுதான் அந்தப் பொத்தான். வேலையை எங்கே வைப்பது, மேலேயா கையிலேயா என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டு இடத்திலும் வையுங்கள், ஆகிற ஒவ்வொரு பக்கத்தையும் தாளிலும் எடுங்கள். ஒருவர் கோப்பில் அடுத்தவர் மனுவை அடிப்பதாக இருந்தால் நகல் எடுத்து அதில் அடியுங்கள். தப்பு நடந்துவிட்டால் கையை மடியில் வைத்துக்கொண்டு, யாருடைய காகிதமோ அவரிடம் முதலில் சொல்லுங்கள். நான் பத்து மணிக்குச் சொன்னதை எட்டு மணிக்கே போன் செய்து சொல்லியிருந்தால், அவர் அந்தக் கேள்வியை எட்டு மணிக்கே கேட்டிருப்பார். போனில் பேச டவர் தேவையில்லையா என்பீர்கள். எட்டு மணிக்கு டவர் இருந்தது. நான் குப்பைக் கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

பேட்டரி அணைவதற்கு முன் எஸ்தர் கடைசி வாக்குமூலத்தை மட்டும் படிக்கச் சொன்னார். இளநீர்க்காரரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ஏசுதாஸ் தாத்தா சொன்னது இதுதான்: கலங்கல் வழிந்த வருஷம் குடிசை போட்டார், அந்த மாதம் பிறந்தது அவருடைய இரண்டாவது பையன். பெரிய மகள் பிறந்தது அதற்கு ஆறு வருஷம் முன்னால், வேறு ஊரில். நான் காலையில் என் ஞாபகத்திலிருந்து அடித்தது தப்பு. அந்தப் பையனின் பிறப்புச் சான்றிதழைத்தான் கட்டோடு சேர்த்திருந்தார்கள்.

கோப்பு ஒரு நிமிடம்கூடத் தொலைந்துபோகவில்லை. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு முப்பத்தெட்டு வாக்குமூலமும் எஸ்தர் கையால் போய்ச் சேர்ந்தன. அதிகாரி மாற்றலாகிப் போவதற்கு முன் வீடு வீடாக விசாரித்து எழுதிவைத்துவிட்டுப் போனார். எட்டு மாதம் கழித்து முப்பத்தோரு குடும்பத்துக்கு மனைப்பட்டா வந்தது. ஏசுதாஸ் தாத்தாவின் வீட்டுப் பட்டா அவர் மனைவி பெயரில் இருக்கிறது. ஏழு குடும்பத்துக்கு இன்னும் வரவில்லை. எஸ்தர் அவர்களுக்காகப் போய்வந்துகொண்டிருக்கிறார்.